குச்சிக்கிழங்கும் ஒரு குட்டிக் குளவியும்

(பொங்கல் விழாவை ஒட்டி நம் சமுதாயக் கூடத்தில் சி பிளாக் குடியிருப்பாளரான ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர் பேசியது. ஒலிப்பதிவிலிருந்து எழுதியிருக்கிறோம். பேச்சு நடையைக் கொஞ்சம்தான் திருத்தினோம். - செய்திமடல் குழு)



செயலாளர் சார் என்னிடம் கேட்காமலேயே நோட்டீஸ் போர்டில் 'சுற்றுச்சூழலும் நாமும்' என்று தலைப்புப் போட்டுவிட்டார். அந்தத் தலைப்பில் எத்தனையோ வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தியிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்: புல்லை மான் தின்னும், மானைப் புலி தின்னும், ஆகவே மரம் வளர்ப்போம். பத்துக்கு எட்டு மார்க் போட்டுவிட்டு அடுத்த பேப்பரை எடுப்பேன். சேலத்தில் மானும் இல்லை, புலியும் இல்லை. அதனால் இன்றைக்கு பி பிளாக் பின்னால் நிற்கிற பப்பாளி மரத்தையும் செம்பருத்தி வேலியையும் பற்றிப் பேசுகிறேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். அடுத்த மாதப் பொதுக்குழுவில் பூச்சி மருந்து ஒப்பந்தம் வருகிறது. இப்போது மாதம் ஒரு தடவை அடிப்பதை வாரம் ஒரு தடவையாக மாற்ற வேண்டும் என்பது அஜெண்டாவில் மூன்றாவது. செடியெல்லாம் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கிடக்கிறது, துணி காயப்போட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது என்று பி பிளாக் அம்மாக்கள் சொல்வது நியாயமான புகார். ஓட்டுப் போடுவதற்கு முன்னால் என் தம்பி காட்டில் நடந்ததைக் கேட்டுவிடுங்கள். அதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் ஒரு முட்டைக் கணக்கு. நாமக்கல் முட்டை இல்லாத வீடு இங்கே குறைவு. சைவ வீட்டுக்காரர்கள் மன்னிக்கவும், கணக்குக்கு மட்டும்தான். பண்ணையில் முட்டையிடும் கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்கிறது. அதில் பாதிக்குப் பக்கம் மக்காச்சோளம். அந்தத் தீவனத்திலிருந்து கோழியின் உடம்புக்குச் சேருகிற ஆற்றல் ஏறத்தாழ 280 கலோரி. டாக்டர் நம்மைக் குறைக்கச் சொல்கிறாரே, அதே கலோரிதான். கோழி பதிலுக்குக் கொடுக்கிற ஒரு முட்டையில் 75 சொச்சம் கலோரி இருக்கும். மீதி எங்கே போனது? யாரும் திருடவில்லை. கோழி மூச்சு விட்டது, நின்றது, கத்தியது, உடம்புச் சூட்டை 41 டிகிரியில் வைத்துக்கொண்டது. அவ்வளவும் சூடாகக் காற்றில் கலந்துவிட்டது. அதைத் திரும்பப் பிடிக்க வழி கிடையாது.

இத்தனைக்கும் அது கூண்டுக்குள் நிற்கிற கோழி. இரை தேடி ஓடுவதில்லை, பருந்துக்குப் பயப்படுவதில்லை. அதிலேயே நாலில் ஒரு பங்குதான் தேறுகிறது. வெளியே, தானே தேடித் தின்று பிழைக்கிற உயிர்களிடையே இது இன்னும் குறையும். கீழே இருப்பதைத் தின்கிற உயிரின் உடம்பாக மாறுவது தோராயமாகப் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வார்கள். சில இடத்தில் கூடும், சில இடத்தில் இன்னும் குறையும். அமெரிக்காவில் ரேமண்ட் லிண்டமன் என்று ஒரு இளைஞர் சின்ன ஏரி ஒன்றை வருஷக்கணக்கில் அளந்து, பாசியிலிருந்து மீன் வரைக்கும் ஆற்றல் எப்படிக் கைமாறுகிறது என்று முதன்முதலாகக் கணக்குப் போட்டார். கட்டுரை 1942-ல் வெளிவந்தது. அச்சில் பார்க்க அவர் இல்லை. அதே வருஷம், 27 வயது நிறைவதற்கு முன்னாலேயே இறந்துவிட்டார்.

இந்தப் பத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத்தான் வருவேன்.

இப்போது காட்டுக்குப் போவோம். எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். தம்பிக்கு இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு. வெளியூரிலிருந்து வந்து இங்கே குடியிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், மரவள்ளியை எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். ஜவ்வரிசி அதில்தான் ஆகிறது. சேலத்தில் ஜவ்வரிசி 1943 வாக்கில் ஆரம்பித்த தொழில். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆத்தூர் ரோட்டில் போகும்போது ஜன்னலைச் சாத்தச் சொல்வீர்களே, புளித்த வாடை, அது சேகோ பேக்டரி வாடை.

குச்சிக்கிழங்கை எடைக்கு மட்டும் வாங்க மாட்டார்கள். பாயிண்ட் பார்ப்பார்கள். கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்பதுதான் பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று விலை. நான் வகுப்பில் இரண்டு பீரியட் எடுத்து விளக்குகிற விஷயத்தை இந்தப் பாயிண்ட் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறது. இலை வெயிலைப் பிடித்து, காற்றில் இருக்கிற கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய தண்ணீரையும் சேர்த்துச் சர்க்கரையாக்குகிறது. வயலில் விழுகிற வெயிலில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பயிர் பிடிக்கும். செடி தன் பிழைப்புக்குச் செலவழித்தது போக மீதியை மாவாக மாற்றிக் கிழங்கில் சேர்த்து வைக்கிறது. பத்து மாதம் காட்டில் அடித்த வெயிலில் எவ்வளவு மிச்சம் என்று பேக்டரிக்காரர் பாயிண்ட் பார்க்கிறார். அவருக்கு அது தெரியாமலிருக்கலாம். நானே ரிட்டையர் ஆனபிறகுதான் இதை இப்படி யோசித்தேன்.

2021 கோடையில் தம்பி போன் பண்ணினான். "அண்ணா, குச்சி நுனியெல்லாம் சுருண்டு முட்டைக்கோஸ் மாதிரி நிக்குது, அடியில பூரா வெள்ளையா மாவு."

போய்ப் பார்த்தேன். அது மரவள்ளி மாவுப்பூச்சி. நமக்குப் புதுசு. 2020-ல்தான் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் இந்தியாவிலேயே முதல் தடவையாக அதைக் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நாளில் சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கு வந்துவிட்டது. குச்சிக்கிழங்குக்கு விதை கிடையாது, தண்டைத் துண்டு துண்டாக வெட்டிக் கரணையாக நடுவார்கள். ஒருத்தர் காட்டுக் கரணை இன்னொருத்தர் காட்டுக்குப் போகும். பூச்சியும் அதோடு சவாரி செய்யும். குஞ்சுகளைக் காற்றே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் காட்டில் போட்டுவிடும்.

இந்தப் பூச்சியில் ஆணைத் தேடாதீர்கள். எல்லாம் பெண். துணையில்லாமலேயே ஒவ்வொன்றும் நானூறு, ஐந்நூறு முட்டை இடும். ஊசி மாதிரி வாயைத் தண்டில் குத்திச் சாற்றை உறிஞ்சும்போது எச்சிலோடு ஒரு நச்சும் உள்ளே போகிறது. அதனால் கணுவும் கணுவும் நெருங்கி, நுனி இலை விரியாமல் கொத்தாகிவிடுகிறது. இலை விரியவில்லையென்றால் வெயில் பிடிக்கிற பரப்பு போச்சு. பிறகு பாயிண்ட் எங்கிருந்து வரும்?

பி பிளாக் பிசுபிசுப்புக்கு இங்கே பதில் இருக்கிறது. செடியின் சாற்றில் சர்க்கரை நிறைய, புரதம் ரொம்பக் கொஞ்சம். மாவுப்பூச்சிக்கு வளரப் புரதம் வேண்டும். அதற்காகக் குடம் குடமாகச் சாற்றைக் குடித்துவிட்டு, வேண்டாத சர்க்கரைத் தண்ணீரைப் பின்பக்கமாக விட்டுக்கொண்டே இருக்கும். கொடியில் காய்கிற சட்டையில் ஒட்டுவது அதுதான். அதன்மேல் கரும்பூசணம் படிந்து இலை கறுத்துப்போகும். அந்தச் சர்க்கரைக்கு எறும்பு வரும். எறும்பு சும்மா நக்கிவிட்டுப் போகாது. மாட்டுப்பண்ணை வைத்திருக்கிற மாதிரி மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும். அதைத் தின்ன வருகிற பூச்சிகளை விரட்டும். செம்பருத்தியில் எறும்பு வரிசையாக ஏறி இறங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செடியைத் தின்ன ஏறுகிறது என்று நினைத்திருப்பீர்கள். அது பால் கறக்கப் போகிறது.

அடுத்து என் தப்பு.

"என்னண்ணா பண்றது?" என்று தம்பி கேட்டான். ஊரில் நான்தான் படித்தவன், அதுவும் உயிரினப் பாடம். "நல்லா ஸ்ட்ராங்கா ஒரு மருந்து அடி, பத்து நாள்ல போயிரும்" என்றேன். அடித்தான். வெள்ளை குறைந்தது. மூன்று வாரத்தில் முன்னைவிட அதிகமாக வந்தது. மறுபடியும் அடித்தான். மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை இரண்டு மருந்தைக் கலந்து அடித்தான். அதுவும் நான் சொல்லித்தான். அதற்கப்புறம் காட்டுக்குள் போனேன். பொறிவண்டு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சிலந்தி வலை இல்லை. எப்போதும் காட்டுக்குள் கரிச்சான் குருவி வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதுவும் இல்லை. மாவுப்பூச்சியும் எறும்பும் மட்டும் இருந்தன.

அந்த வருஷம் கிழங்கு சிறுத்துப்போனது. வழக்கமாக 27, 28 நிற்கிற பாயிண்ட் 20-ஐத் தாண்டவில்லை. மருந்துக் கடையில் பாக்கி. என் தம்பி பெண்டாட்டி என்னிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. காபி கொடுத்து, "சாப்பிட்டுட்டுப் போங்க மாமா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மருந்து அடித்தும் ஏன் கூடியது? பாடத்தில் இருக்கிற விடைதான், நானே பல வருஷம் நடத்தியதுதான். மாவுப்பூச்சி செடிக்கு ஒரு படி மேலே இருக்கிறது. அதைத் தின்கிற பொறிவண்டும் குளவியும் இன்னொரு படி மேலே. படி ஏற ஏற ஆற்றல் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது என்றால், மேல்படியில் வாழ்கிறவை எப்போதும் சொற்பமாகத்தான் இருக்க முடியும். அவற்றைத் தாங்கச் சாப்பாடு அவ்வளவுதான் இருக்கிறது. ஒரு காட்டில் மாவுப்பூச்சி பத்தாயிரம் என்றால் அதைத் தின்கிறவை சில நூறு. கணக்குக்காகச் சொல்கிறேன், எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது மருந்து அடிக்கிறோம். மருந்துக்குப் பாரபட்சம் இல்லை, இரண்டையும் கொல்லும். மாவுப்பூச்சிக்கு உடம்பெல்லாம் மெழுகு. முட்டையோ பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருக்கும். கொத்தாகிப்போன நுனிக்குள் மருந்தும் சரியாக இறங்காது. பத்தாயிரத்தில் ஐந்நூறு தப்பித்தால் போதும், அதற்குச் சாப்பாடான செடி அங்கேயே நிற்கிறது. சில வாரத்தில் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடும். மேல்படிக்காரர்கள் இலை இலையாக நடந்து தேடுகிறவர்கள். மருந்து பட்ட இலையையெல்லாம் மிதித்தாக வேண்டும். அவர்களில் நாலைந்து தப்பித்தாலும் உடனே தின்ன ஒன்றும் இருக்காது, பசியிலேயே செத்துப்போகும். அவர்கள் பெருகித் திரும்பி வருவதற்குள் கீழே இருக்கிறவை இரண்டு மூன்று தலைமுறை பார்த்துவிடும். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் நாங்கள் மாவுப்பூச்சியின் எதிரியை ஒழித்து, அதற்கு மேடை போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பூச்சி இங்கே புதுசு என்றேன். அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. மரவள்ளிக்கும் அதுதான் பூர்வீகம். அங்கே இந்தப் பூச்சியை யாரும் கண்டுகொள்வதுகூட இல்லை, அந்த அளவுக்கு அடங்கிக் கிடக்கும். நம் ஊருக்கு வரும்போது பூச்சி மட்டும் வந்தது. அதை அடக்கி வைத்திருந்த ஆள் வரவில்லை.

அந்த ஆளைத் தேடிய கதை ஆப்பிரிக்காவில் நடந்தது. 1970-களில் காங்கோ பக்கம் இதே மாவுப்பூச்சி இறங்கி, மரவள்ளி விளைகிற நாடு நாடாகப் பரவியது. நமக்கு மரவள்ளி என்றால் ஜவ்வரிசி, சிப்ஸ். அங்கே கோடிக்கணக்கான ஜனங்களுக்கு அதுதான் சோறு. நைஜீரியாவில் இருக்கிற சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இந்த வேலையை எடுத்துக்கொண்டார். பூச்சியின் பூர்வீகம் தெரிந்தால் எதிரியும் தெரியும் என்று தென் அமெரிக்கா முழுக்கத் தேட வைத்தார். 1981-ல் பராகுவே நாட்டில் பூச்சியும் கிடைத்தது, அதன் எதிரியான குளவியும் கிடைத்தது. இங்கே சேலத்தில் சேகோசர்வ் ஆரம்பித்த அதே வருஷம் ஆப்பிரிக்கக் காடுகளில் அந்தக் குளவியை விட ஆரம்பித்தார்கள். நாடு நாடாக மாவுப்பூச்சி அடங்கியது. ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

குளவி என்றதும் தண்ணீர்த் தொட்டி மேலே கூடு கட்டிக் கொட்டுமே, அதை நினைக்காதீர்கள். இதன் பெயர் அனகைரஸ் லோபெசி. ஒரு கடுகைவிடச் சின்னது. மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சி தாக்கிய மரவள்ளிச் செடியிலிருந்து ஒரு வாசனை கிளம்புகிறது. குளவி அதை மோப்பம் பிடித்து வருகிறது. செடி கூப்பிடுகிறது என்று பிள்ளைகளிடம் சொல்வேன், அப்படிச் சொன்னால் மறக்க மாட்டார்கள். வந்ததும் மாவுப்பூச்சியின் உடம்புக்குள் ஒரு முட்டை வைக்கும். குஞ்சு பொரித்து, பூச்சியை உள்ளேயிருந்தே தின்று வளரும். வெளியே பார்த்தால் பூச்சி பழுப்பு நிறத்தில் உப்பி, ஓடு மாதிரி இறுகியிருக்கும். ஓரிரு வாரத்தில் அந்த ஓட்டில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். சின்ன மாவுப்பூச்சியாக இருந்தால் முட்டை வைக்காது. குத்தி, வடிகிற ரசத்தைத் தானே குடித்துவிடும். அதில் கிடைக்கிற சத்தில்தான் அடுத்த முட்டைகள். செடி பிடித்த வெயில் மாவுப்பூச்சிக்குப் போய், அதிலிருந்து ஒரு துளி குளவிக்கு. மறுபடியும் அதே கணக்குத்தான்.

நம் ஊருக்கு அது எப்படி வந்தது? பெங்களூருவில் மத்திய அரசின் தேசிய வேளாண் பூச்சி வள மையம் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டில் உள்ள அதே சர்வதேச நிறுவனத்தின் கிளையிலிருந்து குளவியை வரவழைத்தார்கள். வந்த கையோடு வெளியே விட்டுவிடவில்லை. அடைத்து வைத்து, வேறு நல்ல பூச்சிகளை இது தொடுமா, தேனீக்கு, பட்டுப்புழுவுக்கு ஆபத்து உண்டா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் விட்டார்கள். விட்ட இடம் எது என்று நினைக்கிறீர்கள்? நம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர். அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2022 மார்ச் 7-ஆம் தேதி. நாட்டிலேயே முதல் தடவை. ஏத்தாப்பூர் என்றால் முருகன் சிலை என்று சொல்கிறீர்கள், அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு அடுத்த பட்டத்தில் ஒரு டப்பா குளவி கிடைத்தது. இனிமேல் மருந்து அடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. காட்டில் வெள்ளை தெரிகிறது, பக்கத்துக் காட்டுக்காரர் அடிக்கிறார், இவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். "ஏண்ணா, கண்ணுக்கே தெரியாத பூச்சிய நம்பி உக்காந்திருக்கச் சொல்றீங்களே" என்று இரண்டு தடவை சண்டை போட்டான். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. மேல்படிக்காரர்கள் பெருக நேரம் ஆகும். கீழே சாப்பாடு பெருகின பிறகுதான் அவர்கள் பெருக முடியும். மூன்றாவது மாதம் இலையைத் திருப்பிப் பார்த்தபோது பழுப்பு ஓடுகள், ஒவ்வொன்றிலும் ஊசி குத்தின மாதிரி வட்ட ஓட்டை. அந்த ஓட்டையைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் என் பெண் பன்னிரண்டாவதில் மார்க் வாங்கியபோதுகூட வரவில்லை. அவள் இங்கே இல்லை, தைரியமாகச் சொல்லலாம்.

முழுப் பெருமையையும் குளவிக்குக் கொடுக்க மாட்டேன். அந்த வருஷம் மழையும் நன்றாகப் பெய்தது. மழை அடித்தால் மாவுப்பூச்சி கழுவிக்கொண்டு போகும். தம்பி கரணையையும் பார்த்துப் பொறுக்கி நட்டான். ஆனால் அதற்கப்புறம் வந்த கோடைகளிலும் பழைய மாதிரி வரவில்லை. இப்போது அவன் காட்டில் மாவுப்பூச்சி இருக்கிறது, தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பாயிண்ட் 26-க்கு வந்துவிட்டது. மாவுப்பூச்சி சுத்தமாக ஒழியவில்லையே என்று அவன் சமயத்தில் குறைப்படுவான். சுத்தமாக ஒழிந்தால் குளவியும் பட்டினியில் போய்விடும். அடுத்த கரணைக் கட்டில் நாலு மாவுப்பூச்சி வந்தால் கேட்க ஆள் இருக்காது. கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டு வைக்கிற மனசு விவசாயிக்கே கஷ்டம். மாதாமாதம் பராமரிப்புப் பணம் கட்டுகிற நமக்கு இன்னும் கஷ்டம்தான்.

இனி நம் குடியிருப்புக்கு வருகிறேன். நம் பப்பாளியிலும் செம்பருத்தியிலும் இருப்பது மரவள்ளி மாவுப்பூச்சி இல்லை. அது மரவள்ளியை விட்டு வேறு செடிக்கு அநேகமாகப் போவதில்லை. பப்பாளியில் இருப்பது பப்பாளி மாவுப்பூச்சி. 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்டு, இரண்டே வருஷத்தில் பப்பாளி, மல்பெரி, செம்பருத்தி, குச்சிக்கிழங்கு எல்லாவற்றையும் மேய்ந்தது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் மல்பெரியையே பிடுங்கிப் போட்டார்கள். அதற்கும் 2010-ல் கரீபியன் கடலில் இருக்கிற போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். அதில் அசிரோபாகஸ் பப்பாயே என்ற ஒன்று பிரமாதமாக வேலை செய்தது. அன்றைக்கு விட்ட குளவியின் வம்சம் இன்றும் தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம் என் லென்ஸை எடுத்துக்கொண்டு போய் நம் பப்பாளி இலையைப் பார்த்தேன். வட்ட ஓட்டை போட்ட ஓடுகள் இருக்கின்றன. நிறைய இல்லை, ஆனால் இருக்கின்றன. நாம் மாதாமாதம் அடித்தும் தப்பித்த நாலு பேர்.

தீபாவளி லீவில் ஏ பிளாக் பாப்பா ஒன்று செம்பருத்திக் கிளையை ஒடித்துக்கொண்டு வந்து, "தாத்தா, இந்த மாவுப்பூச்சி ரொம்பப் பெருசா இருக்கு, ஓடுது" என்றாள். மாவுப்பூச்சி ஓடாது. லென்ஸில் பார்த்தால் அது ஒரு பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்கிற வண்டு அது. அதன் புழு மேலெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளோடு மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும், அளவுதான் பெரிது. நம் தோட்டக்காரர் பெரிய வெள்ளைப் பூச்சியைத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தது இதைத்தான். அவரைக் குறை சொல்லாதீர்கள். "பெருசா இருக்கறத மொதல்ல அடிங்க" என்று சொன்னது நம்மில் ஒருவர். அதே கிளையில் இன்னொன்றும் இருந்தது, குரங்கு முகம் மாதிரி ஒரு கூட்டுப்புழு. அது ஒரு பட்டாம்பூச்சியினுடையது. பட்டாம்பூச்சிப் புழு என்றால் இலை தின்னும் என்று படித்திருக்கிறோம். இந்த ஒன்று மாவுப்பூச்சியைத் தின்று வளர்கிறது. பாப்பா அதைக் கண்ணாடி ஜாடியில் வைத்து, வெளியே வருகிற நாள் வரைக்கும் தினம் போட்டோ எடுத்தாள். சின்னதாக, சாம்பல் நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி. ரொம்ப அழகு என்று சொல்ல முடியாது.

அதனால் குழுவிடம் நான் கேட்பது இதுதான். வாரம் ஒரு தடவை என்ற தீர்மானத்தை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். மாதம் ஒரு தடவை அடிப்பதையும் செடிகளுக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள். சும்மா உட்காரச் சொல்லவில்லை. ரொம்ப வெள்ளையான கிளையை வெட்டி உறையில் கட்டி அப்புறப்படுத்துவோம். மற்ற இடத்தில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் பாதி உதிர்ந்துவிடும். முக்கியமாக எறும்பு. பப்பாளித் தண்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் பட்டை கட்டி அதன்மேல் கிரீஸ் தடவினால் எறும்பு மேலே ஏறாது. காவல் போய்விட்டால் பொறிவண்டும் குளவியும் தைரியமாக வேலை பார்க்கும். துணி காயப்போடுகிற பக்கத்துச் செம்பருத்தியைக் கழுத்தளவு வெட்டிவிடலாம், அந்தப் பிசுபிசுப்பு அம்மாக்களுக்கு உடனே குறையும். இரண்டு மூன்று மாதம் அசிங்கமாகத்தான் இருக்கும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைக் கேட்காதீர்கள்.

கொசுவுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அது வேறு விஷயம், டெங்குவோடு நான் விளையாட மாட்டேன். ஆனால் புகை அடித்தால் பறக்கிற கொசுதான் சாகும், தண்ணீரில் இருக்கிற புழு சாகாது. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். நேற்று நான் ஒரு சுற்று வந்தேன். பூந்தொட்டி அடித்தட்டு, ஏசி தண்ணீர் வடிகிற வாளி, மொட்டை மாடியில் கவிழ்க்காமல் கிடக்கிற பெயிண்ட் டப்பா என்று பதினோரு இடத்தில் புழு நெளிகிறது. ஒன்று என் வீட்டுப் பால்கனி. கவிழ்த்துவிட்டேன். மீதி பத்து வீட்டு எண்ணைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன், மேடையில் வாசிக்க மாட்டேன்.

கூட்டம் முடிந்ததும் பப்பாளி மரத்தடியில் நிற்பேன். இலையைத் திருப்பி அந்த வட்ட ஓட்டையை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். லென்ஸ் ஒன்றுதான் இருக்கிறது, பிள்ளைகளுக்கு முதலில் வழி விடுங்கள்.